நடு நாற்காலி

சாப்பாட்டு மேசையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஒரு வாய் எடுத்து வைத்தார், மென்றார், யோசித்தார், விழுங்கினார், கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டார். பிறகு, அன்று காலையில்தான் வெளிநாட்டிலிருந்து பெட்டியும் கையுமாக வந்து இறங்கியிருந்த பெண்ணின் பக்கம் திரும்பி, வரவேற்புரை வாசிக்கிற குரலில், "மகளே, உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றார்.

அம்மா என்று அவர் சொன்னது தன் மனைவியை. அந்த அம்மாள் மேசையின் மறுமுனையில், உப்பு டப்பாவை லேசாக நகர்த்தினால் அவர் கையில் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். காது மந்தமும் இல்லை. தட்டிலிருந்து கண்ணெடுக்காமல் அதே பெண்ணிடம், "டாக்டர் சொன்னதுலேருந்து இந்த வீட்டுல உப்பே போடறதில்லன்னு அவர்கிட்ட சொல்லு. தூக்கலா இருக்கறது வேற ஏதாவதா இருக்கும்னும் சொல்லு" என்றாள்.

சொல்லிவிட்டு இரண்டு பேரும் நடு நாற்காலியைப் பார்த்தார்கள். நடு நாற்காலியில் இருந்தவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துத் தலைவர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, "எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் நாள் இப்படித்தான். வீட்டு ஞாபகம் வரும்" என்று ஆறுதல் சொன்னார். வீட்டு ஞாபகம் வந்தது என்னவோ வாஸ்தவம்தான். அவர் நினைத்த மாதிரி அல்ல.

பிறக்கும்போது உள்ளங்கையளவு இருந்ததால் அவளுக்கு வீட்டில் சுண்டு என்று பேர். அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவளுடைய அப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசி அவள் பார்த்ததில்லை. காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இரண்டும் அவள் பிறப்பதற்கு முந்தைய ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் போய் முடியும். சண்டை இல்லை, சத்தம் இல்லை, அக்கம்பக்கத்தில் நல்ல பேர். 'அந்த மனுஷன்கிட்ட சொல்லு, வேணும்னா வந்து கொட்டிக்கச் சொல்லு' என்று அடுக்களையில் கிளம்புகிற வாக்கியம், கூடத்தைத் தாண்டி அப்பாவின் நாற்காலியை அடைவதற்குள் 'அப்பா, அம்மா உங்களைச் சாப்பிடக் கூப்பிடறாங்க' என்று ஆகியிருக்கும். மீனில் முள் எடுத்து ஊட்டுகிற மாதிரி, சுண்டு எடுத்து எடுத்து ஊட்டினாள். இரண்டு பேருக்கும் ஒரு நாளும் தொண்டையில் குத்தியதில்லை. ஒரு பள்ளி வருடம் முழுக்க வேறு நாட்டில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கலாம் என்று ஒரு வாய்ப்பு வந்தபோது, தேர்வுக் குழுவிடம் அவள் 'உலக அனுபவம் வேணும்' என்று சொல்லியிருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது விடுப்பு.

விமானம் ஏறி, கடல் தாண்டி, பாஷை மாறி, அவள் வந்து உட்கார்ந்த நாற்காலி அதே நாற்காலி.

தலைவர் என்றால் விருந்துக் குடும்பங்கள் சங்கத்தின் தலைவர். வெளிநாட்டு மாணவர்களை வீட்டில் வைத்துக்கொள்கிற குடும்பங்களின் சங்கம் அது. சங்கத்தில் இருந்த குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பொறுப்பாளர்களை எண்ணத்தான் விரல் போதாது. குடிநீர் வாரியத்தில் ஏதோ ஒரு துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்று, குழாயும் இல்லாமல் கீழே ஆளும் இல்லாமல் தவித்த காலத்தில் அவருக்கு இந்தப் பதவி வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அநேகமாக வருடத்துக்கு ஒரு பிள்ளை. விமான நிலையத்திலேயே அவளிடம், "இனிமே நான் உனக்கு அப்பா, இவ உனக்கு அம்மா. அப்படித்தான் கூப்பிடணும்" என்று ஆணையிட்டார். அவளுக்கு வாய் வரவில்லை. தடுமாறி 'சார்' என்றாள். அவர் திருத்தவில்லை. யோசித்துப் பார்த்தால் அப்பாவை விட சார் அவருக்குப் பிடித்திருந்தது. மனைவியை அவள் ஆன்ட்டி என்றாள். "எப்படி வேணும்னாலும் கூப்பிடு. ஆனா கூப்பிடு" என்றாள் ஆன்ட்டி.

கூடத்துச் சுவர் முழுக்கப் பிள்ளைகள். சட்டம் போட்ட படங்கள், ஒரே அளவு, ஒரே உயரம். வருகிற விருந்தாளியை எல்லாம் நிறுத்தி, தலைவர் ஒவ்வொரு படமாகக் காட்டி, "இவன் இப்போ இன்ஜினீயர், இவ ஏதோ ஆராய்ச்சி பண்றா, எல்லாம் இந்த வீட்டுச் சோறு" என்பார். எல்லாப் படத்திலும் ஒரு பிள்ளை நடுவில் நிற்கும். இந்தப் பக்கம் தலைவர், அந்தப் பக்கம் ஆன்ட்டி. இரண்டு பேருடைய கையும் பிள்ளையின் தோளில் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று படாமல், ஒரு கை கழுத்துப் பக்கமும் ஒரு கை புஜத்துப் பக்கமுமாக, அளந்து வைத்த மாதிரி.

நாட்கள் போயின. அவளுடைய அறையில் முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன சாமான்கள் இருந்தன: எந்தச் சுவருக்கும் பொருந்தாத பிளக்குகள், ஒற்றைக் காலுறை, பாதி தீர்ந்த பல பற்பசைகள். காலையில் குளியலறை முதலில் தலைவருக்கு. அவர் உள்ளே தொண்டையைச் செருமுகிற சத்தம் நின்றால் அது ஆன்ட்டிக்கான மணி. ஆன்ட்டி வெளியே வரும்போது சுண்டு துண்டோடு நிற்பாள். "அவர்கிட்ட சொல்லு, சோப்பைத் தண்ணியிலயே போட்டு வைக்கறார்னு." அவள் போய், "சார், புது சோப்பு எடுத்து வைக்கட்டுமான்னு ஆன்ட்டி கேக்கறாங்க" என்பாள். "அம்மாகிட்ட சொல்லு, இந்த வீட்டுல ஒழுங்குன்னு ஒண்ணு செத்துப்போய் ரொம்ப நாளாச்சுன்னு." அவள் வந்து, "வெச்சா நல்லாருக்கும்ங்கறார்" என்பாள். கை தன்னால் பின்னல் போடுகிற மாதிரி அது அவளுக்குத் தன்னால் வந்தது. முதல் மாதத்திலேயே அந்த ஊர்ப் பேச்சு அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது என்று சங்கத்தில் பாராட்டினார்கள். தலைவர் தன் வீட்டுச் சூழ்நிலைதான் காரணம் என்றார். முதல்முறையாக அவர் ஓர் உண்மையைச் சொன்னார்.

பள்ளியில் மட்டும் வகுப்பாசிரியைக்கு ஒரு சந்தேகம். "பசிக்குதா?" என்று அவள் கேட்டால் சுண்டு, "பசிக்குதுன்னு சொல்லச் சொன்னாங்க" என்பாள். "யாரு?" என்றால் கொஞ்சம் யோசித்து, "நான்தான்" என்பாள்.

சனிக்கிழமைகளில் அவள் ஆன்ட்டியோடு கடைக்குப் போனாள். ஆன்ட்டிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சட்டத்தை முகத்துக்குத் தகுந்தபடி வளைப்பது, காதில் உரசுகிற தண்டைச் சூடுகாட்டி நிமிர்த்துவது, மூக்கில் படுகிற சின்ன சிலிகான் பட்டைகளை மாற்றுவது. அங்கே ஆன்ட்டி வேறு ஆள். வாடிக்கையாளரின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்று, கண்ணுக்குக் கண் பார்த்து, "சார், உங்களுக்கு இடது காது கொஞ்சம் மேல இருக்கு, பொண்டாட்டி அந்தப் பக்கம் படுக்கறாங்களா?" என்று கேட்பாள். வந்தவர் சிரித்துக்கொண்டே போவார். பேசுவதற்குத்தான் அவள் வேலைக்கே வருகிறாள் என்று சுண்டுவுக்குத் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை, மழைக்கு ஆள் வராத மதியம், சுண்டு கேட்டாள். "எப்படி ஆன்ட்டி ஆரம்பிச்சுது?"

ஆன்ட்டி எறும்பளவு திருகாணியைக் காந்த முனையில் எடுத்து ஓட்டையில் வைத்தாள். "எங்கண்ணன் செத்துட்டான்னு ஃபோன் வந்துது. மாடிக்கு ஓடினேன். அவர் கண்ணாடி முன்னாடி நின்னு ஏதோ விழாப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கிட்டிருந்தார். 'என்னங்க'ன்னேன். திரும்பல. கையை மட்டும் தூக்கினார், இப்படி. ஒரு நிமிஷம்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கீழ வந்தேன். அந்த வருஷத்துப் பையன் சாப்பிட்டுக்கிட்டிருந்தான். 'எங்கண்ணன் போயிட்டான், நான் கிளம்பறேன்னு அவர்கிட்ட சொல்லிடுப்பா'ன்னேன். பாவம், அவனுக்குப் பாஷையே அரைகுறை. என்ன சொல்லித் தொலைச்சானோ. மறுநாள் இவர் பெரிய மாலையோட வந்தார். செத்தவனுக்கு இரங்கல் உரை வேற. எல்லார்கிட்டயும் துக்கம் விசாரிச்சார். என்கிட்ட மட்டும் அந்தப் பையனை விட்டு விசாரிச்சார்." திருகாணி இறுகியது. "வெக்கமா இருந்திருக்கும். அப்படித்தான் முதல்ல நினைச்சேன்."

"இத்தனை வருஷமாவா?"

"ஒரு நிமிஷம்னு சொன்னார் இல்ல? இன்னும் முடியல." ஆன்ட்டி லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நடுவுல ஒரு வருஷம் பிள்ளை யாரும் வரல. பூனை வளர்த்தோம். அதுகிட்ட சொல்லுவோம். 'சொல்லு பூனை, பால் வாங்கணும்னு சொல்லு.' கொஞ்ச நாள் கேட்டுது. அப்புறம் அலுத்துப்போய் அடுத்த வீட்டுக்குக் குடிபோயிடுச்சு. இன்னும் அங்கதான் இருக்கு. என்னைப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்கும்."

சுண்டு சிரித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டிலிருந்து அம்மா கூப்பிடுவாள். சாப்பிட்டியா, குளிருதா, முடி கொட்டுதா என்று வரிசையாக வந்து, கடைசியில், "உங்கப்பாகிட்ட சொல்லு, தண்ணி மோட்டார் உறுமுது, ஆளைக் கூட்டிட்டு வரணும்னு" என்பாள். "அப்பா எங்கம்மா?" "கூடத்துல பேப்பர் படிக்கறார்." சுண்டு அம்மாவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அப்பாவின் எண்ணை அழைப்பாள். கடலுக்கு அப்பால் அப்பாவின் ஃபோன் மணி அடிப்பது அம்மாவின் ஃபோன் வழியாகவே அவளுக்குக் கேட்கும். "எந்த மோட்டாருன்னு உங்கம்மாவைக் கேளு" என்பார் அப்பா. வீட்டில் இருப்பது ஒரே மோட்டார். செயற்கைக்கோள்கள் எல்லாம் மேலே சுற்றிக்கொண்டிருப்பது இதற்குத்தானா என்று அவளுக்குத் தோன்றும்.

விடுப்பு தீர்ந்துகொண்டு வந்தது. அவள் ஊர் திரும்புவதற்கு முந்தைய ஞாயிறு சங்கத்தின் ஆண்டு விழா என்று முடிவாயிற்று. தலைவரின் பேச்சுக்குத் தலைப்பு 'பேச்சே பாலம்'. அழைப்பிதழில் அவர் பெயருக்கு முன்னால் இருந்த பட்டங்கள் இரண்டு வரி ஓடின. விழாவுக்கு முந்தைய வாரச் சனிக்கிழமை கடையில், வாடிக்கையாளர் போனதும், ஆன்ட்டி கைகளைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முதலாளி வேற ஊர்ல கிளை திறக்கறார். என்னைப் போகச் சொல்றார். கடைக்கு மேலயே ஒரு ரூம் இருக்கு. சரின்னுட்டேன்."

"எத்தனை நாளைக்கு ஆன்ட்டி?"

ஆன்ட்டி துடைத்த கையை மறுபடி துடைத்தாள். "விழா அன்னிக்கு மதியம் பஸ். அவர் மேடையில இருப்பார், சுலபம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தப்புறம் நீ அவர்கிட்ட சொல்லிடு. மெதுவா சொல்லு. உனக்கு அது நல்லா வருது."

"நீங்களே சொல்லுங்களேன் ஆன்ட்டி. ஒரே ஒரு தடவை."

"வழக்கமில்லாம போச்சு. வாயைத் திறந்தா என்ன குரல் வரும்னு எனக்கே தெரியல." பிறகு, பெட்டியில் சட்டங்களை அடுக்கிக்கொண்டே, "அடுத்த வருஷம் பிள்ளை கிடையாதாம். சங்கத்துல சொல்லிட்டாங்க. மறுபடியும் பூனை வளர்க்க எனக்குத் தெம்பு இல்லம்மா" என்றாள்.

இதுவரை சோப்பு, உப்பு, மோட்டார் என்று சுமந்தவள் அன்றைக்குத்தான் ஒரு வீட்டையே தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். அவர் ஒரு தடவை நேராகத் திரும்பி ஏதாவது கேட்டால் போதும், ஆன்ட்டி போகமாட்டாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. சோப்பைப் பற்றிக் கேட்டால்கூடப் போதும். அன்று சாயங்காலம் ஆன்ட்டி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் மாடி ஏறினாள்.

தலைவர் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, "மனித உறவின் உயிர்நாடி எதுவென்று கேட்பீர்களேயானால்" என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்றதைப் பார்த்ததும், கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் முகம் மலர்ந்தார்.

"சார், நீங்க ஆன்ட்டிகிட்ட நேரா ஏதாவது பேசுங்க சார்."

முகத்திலிருந்த மலர்ச்சி அப்படியே இருந்தது, கண் மட்டும் வேறு எங்கோ போனது. தொண்டையைச் செருமினார். "ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மரபு உண்டு மகளே. வெளியிலேருந்து பார்க்கறவங்களுக்கு அது சட்டுனு விளங்காது."

"எனக்கு விளங்குது சார்."

அவர் அவளைப் பார்த்தார். பேச்சுத் தாளை மடித்தார், விரித்தார். அந்த ஒரு கணம் அவர் தலைவராகத் தெரியவில்லை. வரிசையில் தப்பான கவுன்டரில் வந்து நின்றுவிட்ட ஒரு வயசாளியாகத் தெரிந்தார். "சரி" என்றார். "நான் பேசத் தயார்னு அம்மாகிட்ட சொல்லு."

அவள் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். "ஆன்ட்டி, சார் உங்ககிட்ட பேசறாராம்."

ஆன்ட்டியின் கை தண்ணீருக்குள் நின்றது. "எப்பன்னு கேளு."

அவள் மறுபடி ஏறினாள். அதற்குள் அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தார். "சார், எப்பன்னு கேக்கறாங்க."

அவர் திரும்பவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபடியே கையைத் தூக்கினார். விரல்கள் சேர்ந்து, உள்ளங்கை அவளைப் பார்த்து. "உயிர்நாடி எதுவென்று கேட்பீர்களேயானால்... ஞாயித்துக்கிழமை விழா முடியட்டும்னு சொல்லு மகளே. அதுவரைக்கும் எனக்கு நிமிஷம் கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை விழா முடியும்போது பஸ் பாதி தூரம் போயிருக்கும். படியில் அவள் நின்றாள். கீழே குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. ஆன்ட்டி குழாயை மூடிவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. யாரும் சொல்லித்தராமல், பேச்சு வந்த நாளிலிருந்து தெரிந்த வேலை. முள்ளை எடுத்தாள்.

"இன்னிக்கே பேசறாராம் ஆன்ட்டி. சாப்பிடும்போது."

"அவரே சொன்னாரா?"

"அவரேதான்."

அன்றைக்கு மேசையில் விருந்தாளிக்கு எடுக்கிற தட்டுகள் வந்தன. ஆன்ட்டி முகம் கழுவி, தலைவாரி, வெளியே போகும்போது மட்டும் போடுகிற கம்மலைப் போட்டுக்கொண்டிருந்தாள். சுண்டுவின் நாற்காலியை நடுவிலிருந்து எடுத்து ஜன்னல் ஓரம் போட்டாள். "இன்னிக்கு ஒரு நாள் இங்க உக்காந்துக்கோ" என்றாள். அதில் ஒரு வெட்கம் இருந்தது. சுண்டு தலையைக் குனிந்துகொண்டாள். சாப்பிட வந்ததும் அவராகப் பேசிவிடுவார், பேசத் தயார் என்றுதானே சொன்னார் என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

தலைவர் இறங்கி வந்தார். உட்கார்ந்தார். நிமிர்ந்தால் நேர் எதிரே மனைவி. நடுவில் ஒன்றும் இல்லை. மேடை ஏறியபின் மைக்கைக் காணோம் என்றால் எப்படி விழிப்பாரோ அப்படி விழித்தார். அவர் கண் ஆன்ட்டியின் கம்மலில் ஒரு தரம் நின்றது. வாய் திறந்தது. ஆன்ட்டி கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்காமல் பிடித்திருந்தாள்.

கண் நகர்ந்தது. மேசையைச் சுற்றித் தேடி, ஜன்னல் ஓரத்தில் அவளைக் கண்டுபிடித்து, நிம்மதியடைந்தது. "மகளே, என் விழாக் கோட்டுல பித்தான் ஒண்ணு ஆடுது. அம்மாகிட்ட சொல்லு."

ஆன்ட்டி டம்ளரை வைத்தாள். "கொண்டு வரச் சொல்லு" என்றாள்.

சாப்பிட்ட பின் அதே மேசையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு அவள் பித்தானைத் தைத்தாள். ஆடிய ஒன்றை மட்டும் அல்ல, எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்து, தளர்ந்ததை எல்லாம் இறுக்கினாள். நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள். கம்மலைக் கழற்றி ஸ்பூன் டப்பா பக்கத்தில் வைத்தாள். அவளுக்குக் கோபம் வரும் என்று சுண்டு காத்திருந்தாள், அதுவும் வரவில்லை.

"உங்க வீட்டுலயும் இப்படித்தான் பண்ணுவியா?"

"எப்படி ஆன்ட்டி?"

"நல்லதா மாத்தி."

ஆன்ட்டி கோட்டை உதறி மடித்து நாற்காலி முதுகில் போட்டாள். பிறகு சுண்டுவின் தலையில் கை வைத்தாள். வைத்த கை கனமாக இருந்தது. "தப்பு சொல்லல. உனக்கு வேற என்ன தெரியும்?" என்றாள். அன்றிரவு படுக்கையில் சுண்டுவுக்கு அவள் வீட்டுக் கூடம்தான் கண்ணில் வந்தது. அம்மா சொன்னது சொன்னபடி ஒரு தடவையாவது அப்பாவின் காதில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எழுந்து வந்து கத்தியிருப்பாரா? கத்தியிருந்தால் அது அம்மாவைப் பார்த்துத்தானே இருந்திருக்கும்? புரண்டு படுத்தாள். முன்னால் இருந்த எந்தப் பிள்ளையோ கட்டில் சட்டத்தில் ஊர்ப் பெயர் ஒன்றைக் கீறி வைத்திருந்தது விரலில் தட்டுப்பட்டது.

அந்த வாரம் மேசையில் நாற்காலி மறுபடி நடுவுக்கு வந்தது. அவளும் அதில் உட்கார்ந்தாள். ஆனால் சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள். "சோப்பை ஊறப்போட்டு வெக்கற மனுஷன் ஊருக்கு என்ன புத்தி சொல்றதுன்னு ஆன்ட்டி கேக்கறாங்க." தலைவர் திடுக்கிட்டு ஆன்ட்டியைப் பார்த்தார். ஆன்ட்டியும் திடுக்கிட்டாள். சிரிப்பு மாதிரி ஒன்று அவள் உதட்டுக்கு வந்தது. அவர் தொண்டையைச் செருமினார். "விழா முடியட்டும்" என்றார், பொதுவாக, விளக்கைப் பார்த்து.

ஞாயிறு மதியம் விழாவுக்குக் கிளம்பும்போது ஆன்ட்டி அடுக்களையிலிருந்து, "நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடி வரேன்னு சொல்லு" என்றாள். சுண்டு அதையும் ஓர் எழுத்து மாற்றாமல் சொன்னாள். தலைவர் பித்தான்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு காரில் ஏறினார்.

மண்டபத்தில் பொறுப்பாளர்கள் மேடையில் நிரம்பியிருந்ததால் கீழே கொஞ்சம் காலியாக இருந்தது. முன்வரிசையில் ஒரு நாற்காலியில் 'தலைவரின் துணைவியார்' என்று எழுதிய அட்டை சாத்தப்பட்டிருந்தது. தலைவர் அருமையாகப் பேசினார். வாய் இருப்பது உண்பதற்கு மட்டுமல்ல என்றார். பேச்சு நின்ற வீடு பாழடைந்த வீடு என்றார். கைதட்டலுக்காக நிறுத்த வேண்டிய இடங்களில் எல்லாம் நிறுத்தினார். நிறுத்திய ஒவ்வொரு தடவையும் அந்த அட்டையைப் பார்த்தார். பொருளாளர் தூங்கி விழுந்தார். செயலாளர் பொன்னாடையோடு தயாராக நின்றார். கடைசிப் பக்கத்தைத் தலைவர் படிக்கவில்லை. அவர் பேச்சு குறித்த நேரத்துக்கு முன்னால் முடிந்தது சங்க வரலாற்றிலேயே அதுதான் முதல்முறை என்று வாசலில் யாரோ சொன்னார்கள்.

"அம்மா ஏன் வரலன்னு கேளு" என்றார் காரில். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். வண்டியை மெதுவாக ஓட்டினார். சுண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, சொல்ல வேண்டியதை ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் முள் போகவில்லை.

வீடு துடைத்த மாதிரி இருந்தது. பாத்திரங்கள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. மேசையில் அவருடைய இடத்தில், ஒரு மஞ்சள் துணியின் மேல், அவருடைய படிக்கிற கண்ணாடி இருந்தது. பழைய மஞ்சளித்த பட்டைகளை எடுத்துவிட்டுப் புதிது போட்டிருந்தது. தளர்ந்து வழிகிற தண்டு நிமிர்த்தி இறுக்கியிருந்தது. லென்ஸில் ஒரு விரல் ரேகை இல்லை. அவர் அதை எடுத்துப் போட்டுக்கொண்டார். அது மூக்கில் நழுவாமல் நின்றது. அவர் மேசையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கூடத்துச் சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார். எல்லாம் திடீரென்று பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி ஓர் அடி பின்னால் வைத்தார்.

"மகளே." குரலில் மேடை இல்லை. "விழா முடிஞ்சுதுன்னு அம்மாகிட்ட சொல்லு. இப்ப பேசலாம்னு சொல்லு."

சொல்ல வேண்டியது நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் கால் பழக்கத்தில் திரும்பிவிட்டது. அவள் படி ஏறினாள். ஆன்ட்டியின் அறைக் கதவு சாத்தாமல் இருந்தது. அலமாரியில் துணி மாட்டுகிற கம்பிகள் வெறுமனே வரிசையாகத் தொங்கின. பயணத்துக்கு வேண்டாம் என்று விட்ட பெரிய பெட்டி ஒன்று கட்டிலுக்கு அடியில் இருந்தது. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள், யாரிடமோ கொண்டுபோய்ச் சொல்ல வேண்டிய மாதிரி ஒவ்வொன்றாக.

இறங்கும்போது பாதிப் படியில் சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை. அம்மா. எடுத்ததும், "சாப்பிட்டியா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல், "உங்கப்பாகிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தாள். அம்மாவுக்குப் பின்னால், கூடத்தில், பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது.

கீழே படி அடியில் தலைவர் வந்து நின்றிருந்தார். கோட்டைக் கழற்றவில்லை. முகத்தில் புதுக் கண்ணாடி மாதிரிப் பளபளத்த அந்தப் பழைய கண்ணாடி. "என்ன சொன்னா?" என்றார்.

"ஒரு நிமிஷம்மா" என்றாள் சுண்டு ஃபோனில். அவளுடைய இன்னொரு கை, அவள் தூக்காமலே, அவரைப் பார்த்துத் தூக்கியிருந்தது. விரல்கள் சேர்ந்து, உள்ளங்கை விரிந்து. அவர் முதல் படியில் ஒரு காலை வைத்தபடி, அப்படியே நின்றார்.